நான் திருகிய இரண்டு சுற்று

அருளப்பு அண்ணை வீட்டு ஹீட் பம்பில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. அதை நிற்கச் செய்தவன் நான். ஒரு தடவை அல்ல... ஒரே குளிர்காலத்தில் ஏழு தடவை!

கை தவறி நடந்தது என்று எழுதினால் உங்களுக்கும் வாசிக்க இலேசாக இருக்கும், எனக்கும் தூக்கம் வரும். ஆனால் இருபது வருடமாக இதே வேலையைச் செய்கிற கை இது. தவறவில்லை. தெரிந்தே திருகியது.

இதை உங்களிடம் அல்ல, அண்ணையிடம்தான் சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியாதா? அவர் முன்னால் இருக்கும்போது வாய் திறக்க மறுக்கிறது. உங்கள் வீட்டில் நான் ஒரு பிடி சோறும் தின்றதில்லை. அதனால் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் வீடுகளைச் சூடாக்கும் கருவிகளைப் பூட்டவும் திருத்தவும் போகிற தொழிலாளி. வயது ஐம்பத்து மூன்று. ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓரறை வீட்டில் இருக்கிறேன். சுவிஸில் எந்தத் திசைக்குப் போவதென்றாலும் ஓல்டனில் வண்டி மாறலாம் என்பார்கள். மாறத்தான் வருகிறார்கள், தங்க எவரும் வருவதில்லை. நவம்பரில் மூடுகிற பனிப்புகார் சில வருடங்களில் பெப்ரவரி வரை விலகாது.

மனைவியும் மகளும் வில் நகரில் இருக்கிறார்கள். பிரிந்து எட்டு வருடம். யாருடைய பிழை என்று கேட்காதீர்கள். அது வேறொரு வாக்குமூலம். அதை எழுதும் துணிவு இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்காத வாரங்கள் இருந்தன. கடையில் காசு வாங்கும் பெண்ணுக்குச் நன்றியாகச் சொல்கிற ஒரு 'மெர்சி'யைத் தவிர... பிறகு அங்கேயும் மெஷின் வைத்துவிட்டார்கள்.

தனிமை என்றால் ஏதோ கவிதைக்காரர்களின் சரக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது மனிதனைக் கெட்டவனாக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா?

அருளப்பு அண்ணை மன்னார்க்காரர். பொதிகள் பிரிக்கிற பெரிய கிடங்கொன்றில் வேலை. அவருடைய மனைவி றெஜினா அக்கா முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்பவர். இருவருக்கும் அறுபது நெருங்குகிறது. ஒரே மகள் கலியாணம் முடித்து டீட்டிகோன் நகரில் இருக்கிறாள். முப்பது வருடம் வாடகை வீடுகளில் கிடந்துவிட்டு, ஓல்டனுக்கு மேலே, ஜூரா மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார்கள்.

எனக்கும் அவருக்கும் பழக்கமானது ஒரு செத்தவீட்டில். என் தொழிலைக் கேட்டவுடன் தன் வீட்டு எண்ணெய்க் கொதிகலனைப் பற்றிச் சொன்னார். அது வீட்டைவிடக் கிழடு என்றார். போய்ப் பார்த்தேன். காற்றிலிருந்து சூடு எடுக்கிற ஹீட் பம்ப் போடுங்கள் என்று சொன்னேன்.

அவருடைய சொந்தக்காரர் விடவில்லை. இது சுவிஸ், மாலைதீவில்லை என்று சிரித்தார்கள். மைனஸில் காற்றுக்குள் என்ன சூடு கிடக்கிறது என்று கேட்டார்கள். அண்ணை எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்.

"தம்பி சொன்னாச் சரி."

என் வாழ்க்கையில் என்னை நம்பி இப்படி ஒரு வார்த்தை சொன்ன மனிதர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அவருக்குத்தான்...! உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே என்பார்கள். நினைப்பதோடு நான் நிற்கவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றில் சூடு இருக்கிறது. மைனஸ் பதினைந்திலும் இருக்கிறது. நமது தோலுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வெளியே வைத்த பெட்டிக்குள் ஓடுகிற திரவம் அந்தக் காற்றைவிடவும் குளிர்ந்தது. ஆகவே அந்தக் காற்றிடமிருந்தும் சூட்டை வாங்கிக்கொள்ளும். பம்ப் அதை அமுக்கி இன்னும் சூடேற்றி, வீட்டுக் குழாய்த் தண்ணீருக்குக் கொடுக்கும். குளிர் கூடினால் அதிகம் பாடுபடும், மின்சாரமும் கூடக் குடிக்கும். ஆனால் வீட்டுக்கு அளவாகத் தெரிந்தெடுத்து ஒழுங்காகப் பூட்டினால் கைவிடாது. எங்களைவிடக் குளிரில் விறைக்கிற வடக்கு நாடுகளிலும் இதை நம்பித்தான் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

உண்மையில் அதைக் கூடச் சோதிப்பது வறண்ட கடுங்குளிர் அல்ல. பூச்சியத்தை ஒட்டி நிற்கிற ஈரப் புகார். எங்கள் ஓல்டன் புகார்! வெளிப்பெட்டியின் தகடுகளில் ஈரம் படிந்து பனிக்கட்டியாக இறுகும். அப்போது இயந்திரம் சில நிமிடம் மறுபக்கமாக ஓடி, வீட்டுக்குள் ஓடும் தண்ணீரிலிருந்து கொஞ்சம் சூட்டைத் திருப்பி வாங்கி, அந்தக் கட்டியை உருக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் தாராளமாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் கட்டி உருகாது. இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும்.

இவ்வளவுதான் விசயம். இந்த 'தாராளமாக' என்ற சொல்லில்தான் நான் கை வைத்தேன்.

முதல் தடவை நின்றபோது நான் குற்றவாளி இல்லை. அதைச் செய்தவர்கள் அவர்களேதான். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அகதி முகாமில் பழகியது. அறையை விட்டு வெளியே வந்தால், சுவரோரம் நின்று அறையைச் சூடாக்குகிற ஹைசுங்கைத் திருகி மூடிவிட்டுக் கதவையும் சாத்திவிட வேண்டும். மூடாவிட்டால் முகாம் பொறுப்பாளர் ஏசுவார். முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்த ஏச்சு காதில் இருக்கிறது. மகள் போய்விட்ட வீட்டில் அவர்கள் ஏழு ஹைசுங்கில் ஐந்தை இறுக மூடிவைத்திருந்தார்கள். தண்ணீர் எங்கே ஓடும்?

நான் ஒவ்வொரு அறையாகப் போய்த் திறந்தேன். இந்த மெஷினுக்கு எல்லா அறையும் திறந்திருக்க வேண்டும், ஆளில்லாத அறையும்கூட என்று விளங்கப்படுத்தினேன். அக்கா வாயில் கை வைத்தார். அண்ணை தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

பிறகு அக்கா கேட்காமலேயே மேசையில் மூன்றாவது சாப்பாட்டுக் கோப்பையை வைத்தார். புட்டும் கணவாய்க் கறியும். தனக்கு இரவு வேலைக்குப் போக நேரமாகிக்கொண்டிருந்தும், நான் தின்று முடியும் வரை எதிரே இருந்தார். உன் மகள் உன்னோடு கதைக்கிறவளோ என்று மெதுவாகக் கேட்டார். இடைக்கிடை படம் அனுப்புவாள் என்றேன். அந்தப் படங்களைக் காட்டு என்றார். ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்தார்...

என் மகளின் படங்களை அதுவரை நான் மட்டுமே பார்த்திருந்தேன்.

அதற்குப் பிறகு இயந்திரம் செக்கு மாடு மாதிரி உழைத்தது. மூன்று வாரம் அழைப்பே இல்லை. ஒரு தொழிலாளிக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? நானோ தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தேன். அது அடிக்கவில்லை என்று அதன்மேல் கோபம் வந்தது.

சும்மா போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்! நானும் என்னையே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். இந்த நாட்டில் முன்கூட்டியே நேரம் குறித்து டெர்மின் வைக்காமல் யமன்கூட வரமாட்டான். எங்கள் ஆட்களும் அதைப் பழகிவிட்டார்கள். அதற்கு மேல், குடும்பத்தை விட்டுத் தனியே இருக்கிற ஆண் இன்னொரு குடும்பத்து வாசலில் காரணமில்லாமல் போய் நின்றால் நான்கு பேர் நான்கு விதமாகக் கதைப்பார்கள். எனக்குக் காரணம் வேண்டும். கையில் கருவிப்பெட்டி வேண்டும். அது இருந்தால் எந்த வீட்டுக்குள்ளும் தலை நிமிர்ந்து போவேன்.

ஒரு சனிக்கிழமை, இந்தப் பக்கத்தால் போனேன், ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். அந்த ஊரோடு பாதை முடிகிறது. எவனும் அந்தப் பக்கத்தால் எங்கேயும் போகமுடியாது. அண்ணை அதை யோசிக்கவில்லை. தேத்தண்ணீர் போடச் சொன்னார்.

நான் வீட்டுக்குக் கீழே நிலவறைக்கு, கெல்லருக்கு இறங்கினேன். அரிசி மூட்டை, மாத் தகரங்கள், சுவரோரம் குழாய்கள். ஹைசுங்குகளுக்குப் போகிற பெரிய குழாயில் ஒரு வால்வு. அதைத் திருகச் சக்கரம் போலச் சிவப்பு நிறத்தில் சின்னச் சில்லு. அதைப் பிடித்தேன். இரண்டு சுற்று திருகினேன்.

மூடவில்லை. குறைத்தேன். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. புகார் இறங்கித் தகட்டில் கட்டி பிடிக்கிற நாளில் மட்டும் தண்ணீர் போதாது. அவர்களுடைய அப்பாவித்தனமான பிழையைப் பார்த்து நான் படித்த பாடம் அது!

அப்போது என்ன நினைத்தேன்? ஒன்றுமே நினைக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நினைத்தேன். வியாழக்கிழமை புகார் என்று வானிலை சொல்கிறது, வியாழக்கிழமை எனக்கு வேலை நாலரைக்கு முடியும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அண்ணை அழைத்தார். நேரம் இருந்தால் மட்டும் வா என்றார்.

எனக்கு மகிழ்ச்சி! எழுதக் கூசுகிறது... ஆனால் மகிழ்ச்சிதான். முகம் வழித்தேன். நல்ல சேட்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். சில்லை இரண்டு சுற்று மறுபக்கம் திருகினேன், இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டேன், கை கழுவினேன், மேசைக்குப் போனேன். அன்றைக்குக் கீரையும் சுறாப் புட்டும். வெளிக்கிடும்போது, கருவியை மறந்துவிட்டேன் என்று கெல்லருக்குத் திரும்ப இறங்கி, மறுபடி இரண்டு சுற்று.

இப்படித்தான் ஏழு தடவை. வானிலை அறிக்கையைப் பார்த்துப் பார்த்துத் திருகினேன். விவசாயிகூட வானத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டான்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். ஓரிரவு வீடு கொஞ்சம் குளிரும், அடுத்த நாள் நான் போவேன், சூடாகிவிடும். நான் கூலியும் வாங்குவதில்லை. பாவம் எங்கே இருக்கிறது?

எங்கே இருந்தது என்று சொல்கிறேன். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்படத் தொடங்கினார்கள்.

முதல் தடவை ஹைசுங்கை மூடியதால் நின்றது அல்லவா? ஆகவே ஒவ்வொரு முறையும் மற்றவர் எங்கோ ஒன்றை மூடிவிட்டார் என்று நினைத்தார்கள். விடிய விடிய வேலை செய்துவிட்டு வருகிற அக்கா, குளிர்ந்த வீட்டைக் கண்டதும் அண்ணையை ஏசுவார். அண்ணை, நீதான் முகாம் புத்தி போகாமல் மூடியிருப்பாய் என்பார். நான்காவதோ ஐந்தாவதோ தடவை நான் போனபோது அக்கா எனக்குக் கோப்பை வைத்தார், அண்ணைக்கு வைக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசையில் இருந்து, இருவருக்கும் நடுவே, பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன்.

"ஆரோ ஒராள் மறதியாப் பூட்டியிருப்பியள். அதுக்கு ஏன் சண்டை பிடிக்கிறியள்?"

அந்த வாயால்தான் அந்தச் சோற்றையும் தின்றேன்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. மெஷின் போட்ட நிறுவனத்துக்கே போன் அடித்து, வேறு ஆள் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்றார். வேறு எவன் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் அந்த வால்வைக் கண்டுபிடித்துவிடுவான். அண்ணைதான் என்னைக் காப்பாற்றினார். எங்கள் தம்பி இருக்கும்போது இன்னொருவனைக் கூப்பிடுவது தம்பியின் முகத்தில் அறைகிற மாதிரி என்றார். தொலைபேசியில் டொச் மொழி கதைப்பதற்கும் அவருக்குப் பயம், அது வேறு. வேலியே பயிரை மேய்ந்துகொண்டிருக்கிறது, தோட்டக்காரர் வேலிக்கு நன்றி சொல்கிறார்!

ஜனவரியில் உண்மையான குளிர் வந்தது. புகார் விலகி, வானம் நீலமாகி, காற்று கத்தியாகிற குளிர். மலையடிவாரத்தில் மைனஸ் பதின்மூன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தேன். வறண்ட குளிரில் கட்டி குறைவாகத்தான் பிடிக்கும், இரண்டு சுற்று போதாது என்று எனக்குத் தெரியும். இன்னும் அரைச் சுற்று கூட்டித் திருகினேன். புதன்கிழமை வருவதாக மனத்துக்குள் திட்டம்.

அண்ணைக்கு அப்போது முழங்காலில் சத்திர சிகிச்சை முடிந்து இரண்டு கிழமை. ஊன்றுகோலோடு வீட்டில் இருந்தார். அது எனக்குத் தெரியாது என்று எழுத முடியாது. நான்தான் அவருக்கு அன்று கால் வைக்கச் சின்ன வாங்குப் பலகை எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் திங்கட்கிழமையிலிருந்து நிறுவனத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பழைய எண்ணெய்க் கொதிகலன்கள் நின்றுபோன வீடுகள், குழாய் உறைந்த பட்டறைகள் என்று விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அலைந்தேன். நான் பூட்டிய ஹீட் பம்புகளில் ஒன்றுகூட அந்தக் குளிரில் மக்கர் பண்ணவில்லை. அதை எண்ணிப் பெருமைப்பட்டேன்! புதன் போயிற்று. வியாழன் போயிற்று. அண்ணை அழைக்கவில்லை. அழைக்காதபடியால் அங்கேயும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். மணி அடித்து வெகுநேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. கம்பளித் தொப்பி, தடித்த ஜக்கெட், கழுத்தில் அக்காவின் சால்வை, இரண்டு பக்கமும் ஊன்றுகோல். அண்ணை வீட்டுக்குள் அப்படி நின்றார்.

குசினியில் அடுப்புப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து, அதற்கு முன்னால் கதிரை போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை இரவே நின்றுவிட்டதாம். வீட்டில் இருந்த ஒரே ஒரு சின்ன மின்சார ஹீட்டரை, இரவு வேலை முடிந்து வந்து பகலில் படுக்கிற அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, இவர் மூன்று நாளாக அந்த அடுப்புக்கு முன்னால். சுவரில் இருந்த மானியைப் பார்த்தேன். பதினொரு பாகை.

ஏன் எனக்குப் போன் அடிக்கவில்லை என்று கேட்டேன். அவர் குற்றம் செய்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"இந்தக் குளிருக்கை உன்னை எத்தினை தரமடா தம்பி அலைக்கழிக்கிறது? எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அவருக்கு வெட்கம்!

கெல்லருக்கு இறங்கினேன். வால்வை முழுவதும் திறந்தேன். இயந்திரத்தை ஓடவிட்டேன். ஒரு நிமிடம் பிடித்திருக்குமா? பிறகு அரிசி மூட்டையின் மேல் அரை மணி நேரம் இருந்தேன். உடனே மேலே போனால், இவ்வளவு சின்ன வேலையா என்று நினைப்பார் அல்லவா... அதனால் இடைக்கிடை திருகுசாவியால் குழாயைத் தட்டினேன். மேலே இருக்கிற மனிதருக்கு நான் பாடுபடுகிற சத்தம் கேட்கட்டும் என்று தட்டினேன்.

அழுதேன் என்று எழுதினால் என்மேல் இரக்கம் வரும். அழவில்லை. தட்டினேன்.

அன்றோடு நிறுத்தினேன். அந்தச் சில்லை அதற்குப் பிறகு நான் தொடவே இல்லை. அடுத்த கிழமை குளிர் இன்னும் இறங்கியது, மைனஸ் பதினான்கு. இயந்திரம் ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. வீட்டுக்குள் இருபத்தொரு பாகை. நான் முதல் நாள் கொடுத்த வாக்கை அது அப்படியே காப்பாற்றியது.

ஆனால் யார் நம்புவது? அண்ணை ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி அறை அறையாகப் போய் ஹைசுங்கைத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தாராம். இன்றைக்கு ஓடுகிறது, நாளைக்கு என்ன செய்யுமோ என்பாராம். அக்கா தொலைபேசியில் சொன்னார். சூடான வீட்டில் இருந்துகொண்டு குளிருக்குப் பயந்தார்கள். நம்பிக்கைக்கு நான் எங்கே போய் வால்வு தேட?

பழுது இல்லை, ஆகவே எனக்குப் போகக் காரணமும் இல்லை. சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்த்தேன். ரயில்களின் சத்தத்தைக் கேட்டேன். இதுதான் உனக்குத் தகுந்த தண்டனை என்று சொல்லிக்கொண்டேன். தண்டனையாம்! தண்டனையை அனுபவித்தவர்கள் வேறு இருவர் என்பது எனக்கு ஏப்ரலில்தான் தெரிந்தது.

வரச் சொன்னார்கள். போனேன். வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார்கள். டீட்டிகோனில், மகள் இருக்கிற கட்டடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு மூன்றறை வீடு பார்த்துவிட்டார்களாம்.

முப்பது வருடம் காத்திருந்து வாங்கிய வீடு! அக்கா யன்னலுக்குக் கீழே கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியில் வைத்து, குளிர்காலம் முழுதும் பிள்ளை மாதிரிப் பார்த்த வீடு. மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறதே, ஏன் விற்க வேண்டும் என்று கேட்டேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணைதான் சொன்னார். சிரிக்க முயன்றபடி சொன்னார்.

"பிடிச்ச வீடுதான், தம்பி. ஆனா இன்னொரு பனிக்காலம் உன்னை இப்பிடி ஓடவைக்க எங்களுக்கு மனம் வரேல்லை. நீயும் ஒரு தனி மனுசன். உன்ரை சனிக்கிழமையள் எல்லாத்தையும் நாங்கள் திண்டிட்டம்."

கேட்டீர்களா...? குளிருக்காக மட்டும் அல்ல. எனக்காகவும் விற்றார்கள். என்னைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்று!

அந்த நிமிடம் என் முன்னால் திறந்து கிடந்தது. ஒரு வசனம் போதும். அண்ணை, வால்வை மூடினது நான். ஐந்து சொல்கூட இல்லை. வீடு மிஞ்சியிருக்கும். அவர்கள் ஒருவரையொருவர் பேசிய பேச்செல்லாம் அர்த்தமில்லாமல் போயிருக்கும். நான் மட்டும் அந்த வாசலை இனி மிதிக்க முடியாமல் போயிருக்கும். எதை எதோடு வைத்து நிறுத்தேன் என்று பாருங்கள்! இரண்டு பேருடைய வீடு ஒரு பக்கம். எனக்கு வைக்கிற ஒரு கோப்பை மறுபக்கம்.

"நல்ல முடிவு, அண்ணை" என்றேன்.

வீட்டை ஒரு சுவிஸ் தம்பதி வாங்கினார்கள். அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. எங்கள் நிறுவனத்தின் பதிவில் அந்த முகவரியிலிருந்து ஒரு முறைப்பாடும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பொய் அப்படி முடிகிற சாமான் அல்ல.

இந்த வருடம் அண்ணையின் பேரப்பிள்ளைக்குத் தேவாலயத்தில் முதல் நன்மைச் சடங்கு. டீட்டிகோனில் ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். அழைப்பு வந்தது, காரணம் இருந்தது, போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புதிதாக வீடு வாங்கப்போகிற இளம் கணவனும் மனைவியும் எங்கள் மேசைக்கு வந்தார்கள். பழைய கொதிகலனைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் போடலாமா என்று யோசிக்கிறார்களாம். குளிருக்கு வேலை செய்யுமா என்று கேட்டார்கள்.

அண்ணை கையை விரித்தார். வேண்டாம் என்றார். மைனஸுக்குப் போனால் அது படுத்துவிடும், நாங்கள் அனுபவித்தவர்கள் என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: இந்தத் தம்பிக்குத் தெரியாத வேலை இல்லை, இவரே ஒரு பனிக்காலம் முழுக்க மாரடித்தும் சரிவரவில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த அத்தனையும் தொண்டை வரை வந்தது. அளவாகத் தெரிந்தெடுத்தால் ஓடும், பிள்ளை. மைனஸ் பதினான்கில் ஓடியது. இதே மனிதரின் வீட்டில் ஓடியது...

"அது இடத்தைப் பொறுத்தது" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. மிச்சச் சோற்றை நான் தின்றேன். தொழிலில் எனக்கிருந்த ஒரே மானத்தையும் அந்த மேசையில் விட்டுவிட்டு வந்தேன்.

வெளிக்கிடும்போது அண்ணை ஸ்டேசன் வரை கூட வந்தார். முழங்கால் சரியாகிவிட்டது. நன்றாக நடக்கிறார். வண்டிக்கு ஏழு நிமிடம் இருந்தது. அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி கதைத்தார்.

"இப்ப எங்கடை வீட்டிலை திருத்த ஒண்டும் இல்லை, தம்பி. சும்மா வா. அங்கை இருக்கேக்கையும் உன்னைச் சாப்பிடக் கூப்பிடுவம் எண்டு எத்தினை சனிக்கிழமை நானும் அவளும் கதைச்சனாங்கள். ஒரு காரணமும் இல்லாமல் எப்பிடிக் கூப்பிடுறது, அவனுக்கும் வேலை இருக்குமெண்டு விட்டிட்டம்."

வண்டி வந்தது. ஏறினேன். யன்னலுக்கு வெளியே அவர் கை காட்டிக்கொண்டு நின்றார். நானும் காட்டினேன்.

அவர்களும் காத்திருந்தார்கள்... மலையடிவாரத்தில் அவர்கள், ஸ்டேசனுக்குப் பின்னால் நான். நான் எதையும் திருகியிருக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு நான் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணை விடாமல் அழைக்கிறார். இன்று மத்தியானமும் அழைத்தார். அக்கா சமைத்துக்கொண்டிருக்கிறாள், வெளிக்கிட்டு வா என்றார்.

வேலை இருக்கிறது, அண்ணை என்றேன். சரி தம்பி, குளிருக்குள் கவனம் என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.